ஒரு பள்ளத்தாக்கு போதும்: இத்தாலியில் ஜோடியாக

இத்தாலிக்கு ஜோடியாகப் போகிறோம் என்று யார் வந்து சொன்னாலும், கையில் வைத்திருக்கும் திட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. ரோமில் இறங்குவது, ஃப்ளோரன்ஸில் அருங்காட்சியக வரிசையில் நிற்பது, பீசா கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல ஒரு படம், வெனிஸில் கொண்டோலா, மிலானில் விமானம். எல்லாமே பார்க்க வேண்டிய ஊர்கள்தான். ஆனால் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் இருப்பதற்கென்றே போகிற பயணத்தில், பாதி நேரம் பெட்டியை உருட்டுவதிலும் மீதி நேரம் டிக்கெட்டைத் தேடுவதிலும் போனால் பேசுவது எப்போது? எனக்கு இந்த விஷயத்தில் உறுதியான கருத்து உண்டு. இத்தாலியில் காதலர்களுக்கான இடம் கிராமப்புறம். அதிலும் ஒரே ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்து, ஒரே வீட்டில் தங்கி, அங்கிருந்து நாளுக்கு ஒரு சிற்றூர் என்று மெல்லப் பார்ப்பது.

நானும் என் கணவரும் தேர்ந்தெடுத்தது வால் டோர்ச்சா. டஸ்கனியில் சியன்னா நகரத்துக்குத் தெற்கே, ஓர்ச்சா என்ற சிறிய ஆற்றின் இருபுறமும் அலையலையாகக் கிடக்கும் களிமண் குன்றுகள். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த நிலம். பெயரைக் கேள்விப்படாதவர்களும் படத்தைப் பார்த்திருப்பார்கள்: பச்சைக் கோதுமை வயல், நடுவே தனியாக ஒரு சின்னத் தேவாலயம், பக்கத்தில் நாலைந்து சைப்ரஸ் மரங்கள். சான் குயிரிகோவுக்கும் பியென்சாவுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தேவாலயத்தின் பெயர் வித்தலேத்தா. நாள்காட்டியிலும் கணினித் திரையிலும் இதைத்தான் போடுகிறார்கள்.

இந்த அழகு தானாக வந்ததில்லை. அதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போதுதான் இந்த இடம் மனதுக்குள் இறங்குகிறது. சியன்னாவின் நகராட்சி மாளிகைச் சுவரில், 1338-39-ல் அம்ப்ரோஜோ லொரென்செத்தி வரைந்த பெரிய ஓவியம் ஒன்று இருக்கிறது. நல்ல ஆட்சி நடந்தால் நகரமும் நாட்டுப்புறமும் எப்படி இருக்கும் என்பதுதான் அதன் பொருள். உழுத நிலம், கதிரடிக்கும் ஆட்கள், கழுதையில் மூட்டை ஏற்றிப் போகிறவர்கள், மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம். அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வண்டியில் தெற்கே ஒரு மணி நேரம் வந்தால், கண்ணாடிக்கு வெளியே அதே நிலம் ஓடுகிறது. பல தலைமுறைகள் தங்களுக்குப் பிடித்த மாதிரி செதுக்கிக்கொண்ட நிலம் இது.

அப்படிச் செதுக்கியவர்களில் ஒரு ஜோடியைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். ஐரிஸ், அந்தோனியோ ஓரிகோ. ஐரிஸ் ஆங்கில-அமெரிக்கக் குடும்பத்துப் பெண். ஃப்ளோரன்ஸுக்கு மேலே ஃபியேசோலே குன்றில், மெடிச்சி குடும்பம் கட்டிய மாளிகையில் வளர்ந்தவர். 1924-ல் அந்தோனியோவைத் திருமணம் செய்துகொண்டார். புதுமணத் தம்பதிக்கு வாழ எத்தனையோ சொகுசான இடங்கள் இருந்தன. அவர்கள் வாங்கியது வால் டோர்ச்சாவின் ஓரத்தில், லா ஃபோச்சே என்ற பாழடைந்த பண்ணை. புல் முளைக்காத சாம்பல் நிறக் களிமண், மழை பெய்தால் கரைந்து ஓடும் மேடுகள், ஓட்டை உடைசல் வீடுகள், தண்ணீர்த் தட்டுப்பாடு. அந்த நிலத்தைத் திருத்துவதையே இருவரும் தங்கள் வாழ்க்கையாக்கிக்கொண்டார்கள். சாலை போட்டார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், வைத்தியசாலை வைத்தார்கள். ஐரிஸின் அமெரிக்கப் பாட்டி கொடுத்த பணத்தில் குழாய் போட்டுத் தண்ணீர் வந்த பிறகுதான் தோட்டம் என்ற எண்ணமே எழுந்தது. சிசில் பின்சென்ட் என்ற ஆங்கிலக் கட்டடக் கலைஞர் அந்தத் தோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல ஆண்டுகளில் வடிவமைத்தார்.

டஸ்கனி என்றவுடன் அஞ்சலட்டைகளில் வரும் இன்னொரு காட்சி, குன்றின் மேல் வளைந்து வளைந்து ஏறும் மண்சாலையும் அதன் இருபுறமும் நிற்கும் சைப்ரஸ் மரங்களும். அது ஏதோ இடைக்காலத்துச் சாலை என்றுதான் பலரும் நினைப்பார்கள். இந்தத் தம்பதியின் காலத்தில் போட்டது அது. மரங்களும் அப்போது நட்டவைதான். லா ஃபோச்சே தோட்டத்தின் கீழ்மட்டத்துச் சுவரோரம் நின்றால் எதிர்க்குன்றில் முழுசாகத் தெரிகிறது. “இந்தக் கன்னுகளை நட்டப்போ அவங்களுக்கு என்ன வயசு இருக்கும்?” என்று கணவர் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்களைவிடச் சின்னவர்கள்.

அவர்கள் வாழ்க்கை அஞ்சலட்டை மாதிரி இருக்கவில்லை. ஒரே மகன் ஜான்னி 1933-ல் மூளைக்காய்ச்சலில் இறந்தபோது ஏழு வயது. பிறகு பெண் குழந்தைகள் பிறந்தார்கள், போர் வந்தது. குண்டுவீச்சுக்கு ஆளான வடக்கத்திய நகரங்களின் பிள்ளைகளை லா ஃபோச்சேயில் வைத்துக் காப்பாற்றினார்கள். தப்பி ஓடிவந்த நேசநாட்டுக் கைதிகளுக்குச் சோறு போட்டு மறைத்து வைத்தார்கள். 1944 ஜூனில் போர்முனை அவர்கள் வாசலுக்கே வந்துவிட்டது. கைக்குழந்தைகள், சிறுவர்கள், வயதானவர்கள் என்று ஏறத்தாழ 60 பேரை அழைத்துக்கொண்டு, கண்ணிவெடி புதைத்த சாலை வழியாக, வெயிலில் மோந்தேபுல்ச்சானோ என்ற ஊர் வரை நடந்தே போனார்கள். ஊர்க்காரர்கள் எதிர்கொண்டு வந்து ஆளுக்கொரு குழந்தையை வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். ஐரிஸ் எழுதிய போர்க்கால நாட்குறிப்பு புத்தகமாக வந்திருக்கிறது. போகுமுன் படித்துவிட்டுப் போனால், அந்தச் சாலையில் வண்டி ஓட்டுவதே வேறு அனுபவமாக இருக்கும். தோட்டத்தைப் பருவகாலத்தில் வாரத்தின் சில நாட்களில் வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம். முன்பதிவு அவசியம். மகனை அடக்கம் செய்த சின்னக் கல்லறைத் தோட்டமும் அங்கேதான். அவனருகே பின்னாளில் இருவரும்.

காதல் பயணத்தில் கல்லறையைப் பற்றி ஏன் என்று கேட்பீர்கள். ரோஜாவும் மெழுகுவர்த்தியும் எந்த விடுதியிலும் கிடைக்கும். ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேர் ஒரு நிலத்தின் மேல் விட்டுப்போன கைத்தடத்தை, உங்கள் துணையோடு கூட நின்று பார்ப்பது எங்கும் கிடைக்காது.

தங்குவதற்கு விடுதி வேண்டாம், பண்ணைவீடு பாருங்கள். அங்கே அக்ரிதுரிஸ்மோ என்பார்கள். இந்த வீடுகளுக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. டஸ்கனியில் பல நூற்றாண்டுகளாக நம் ஊர் வாரமுறைபோலவே, விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுதவருக்கு என்று இருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இளைஞர்கள் தொழிற்சாலை வேலைக்கு நகரம் போக, 1964-ல் புதிதாக வார ஒப்பந்தம் போடுவதையே சட்டம் தடுத்தது. குன்றுக்கு ஒன்றாக இருந்த கல்வீடுகள் காலியாகிக் கூரை இடிந்து கிடந்தன. விவசாயி தன் பண்ணையில் விருந்தினரைத் தங்கவைத்து வருமானம் பார்க்க வழிசெய்யும் சட்டம் 1985-ல் வந்தது. விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்கவேண்டும், விருந்தோம்பல் அதற்குத் துணை என்பது அதன் நிபந்தனை. அதனால் நல்ல பண்ணைவீட்டில் காலையில் உங்களை எழுப்புவது டிராக்டர் சத்தம். மேசைக்கு வரும் ஆலிவ் எண்ணெய் அந்த வீட்டு மரத்துக் காயிலிருந்து வந்தது.

நாங்கள் தங்கிய வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே நீள மேசை. வீட்டுக்கார அம்மா தானே கொண்டுவந்து பரிமாறுவார். தட்டில் மிச்சம் வைத்தால் முகம் வாடிவிடும். சைவம் என்று முதல் நாளே சொன்னதும் அவர் திகைக்கவில்லை. இந்தப் பக்கத்து ஏழைகளின் சாப்பாடே பெரும்பாலும் சைவம்தான். வெறும் மாவையும் தண்ணீரையும் பிசைந்து கையால் உருட்டும் தடித்த நூடுல்ஸ், பெயர் பிச்சி. அதற்கு அல்யோனே என்ற பெரிய பல்லுள்ள பூண்டையும் தக்காளியையும் வதக்கிய சாறு. பழைய ரொட்டியும் பீன்ஸும் கருங்கீரையும் போட்டுக் கொதிக்கவைத்த ரிபொல்லித்தா சூப். பியென்சாவின் செம்மறிப் பாலாடைக்கட்டி பெக்கொரினோவுக்குத் தொட்டுக்கொள்ளத் தேன். கண்டிப்பான சைவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: இந்தப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலைத் திரிப்பதற்கு ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

பியென்சாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசமுடியாது. கோர்சிஞ்ஞானோ என்ற குக்கிராமத்தில் 1405-ல் ஏனியா சில்வியோ பிக்கொலோமினி பிறந்தார். கவிஞர், ராஜதந்திரி, ஊர் சுற்றி. 1444-ல் லத்தீனில் ஒரு காதல் கதை எழுதினார். சியன்னாவுக்குப் பேரரசரோடு வந்த வீரன் யூரியாலஸுக்கும், அங்கே ஏற்கெனவே மணமான லுக்ரேசியாவுக்கும் நடுவே நடக்கும் கதை. பேரரசர் கிளம்பும்போது அவனும் போய்விடுகிறான், அவள் ஏக்கத்தில் இறக்கிறாள். ஐரோப்பா முழுக்க விரும்பிப் படித்தார்கள். எழுதியவர் 1458-ல் போப் இரண்டாம் பயஸ் ஆனார். அதன்பின் தன் இளமைக்கால எழுத்தை மறந்துவிடும்படி உலகத்தைக் கேட்டுக்கொண்டார். உலகம் கேட்கவில்லை.

போப் ஆன அடுத்த ஆண்டே, பிறந்த கிராமத்தை முழு நகரமாக மாற்றும் வேலையைப் பெர்னார்தோ ரோஸெல்லினோவிடம் ஒப்படைத்தார். மூன்றே ஆண்டுகளில் சதுக்கம், பேராலயம், மாளிகை எல்லாம் எழுந்தன. ஊருக்குத் தன் பெயரையே வைத்தார்: பயஸின் ஊர், பியென்சா. பேராலயத்துக்குள் வெளிச்சம் கொட்டவேண்டும் என்பதற்காகப் பெரிய ஜன்னல்கள். சரிவின் விளிம்பில் கட்டியதால் பின்புறம் அன்றிலிருந்து இன்றுவரை கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்துகொண்டே இருக்கிறது. உள்ளே நடந்தால் தரை சரிவதைக் கால் உணரும். பக்கத்து மாளிகையின் பின்பக்கம் மூன்றடுக்குத் தாழ்வாரம், அதன் முன்னே ஒரு தோட்டம், அதற்கப்பால் பள்ளத்தாக்கு முழுவதும், தூரத்தில் அமியாத்தா என்ற அணைந்த எரிமலை. இயற்கைக் காட்சியைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் வீடு கட்டியது அந்தக் காலத்தில் பெரிய புதுமை. 1968-ல் வெளிவந்த ரோமியோ ஜூலியட் படத்தில், ஃப்ராங்கோ செஃபிரெல்லி ஜூலியட்டின் வீடாகக் காட்டியது இந்த மாளிகையைத்தான். பேராலயத்தை ஒட்டி மதிலோரம் போகும் சந்துகளுக்குக் காதல் தெரு, முத்தத் தெரு, அதிர்ஷ்டத் தெரு என்று பெயர்ப்பலகை. பகலில் அங்கே படம் எடுக்க வரிசை. மாலை ஆறு மணிக்குமேல் சுற்றுலாப் பேருந்துகள் போய்விடும். மதிலோர நடைபாதைக்கு ஊர்க்காரர்கள் வருவார்கள்: தாத்தா பாட்டி கைகோத்தபடி, தள்ளுவண்டியில் குழந்தையோடு இளம் தம்பதிகள். எங்கும் போகாமல் ஊருக்குள்ளேயே இங்கும் அங்கும் நடப்பதுதான் இத்தாலியின் மாலை. நீங்களும் அதில் கலந்துகொள்ளுங்கள். உள்ளூரில் தங்கியவர்களுக்கு மட்டும் கிடைக்கும் நேரம் அது.

பான்யோ வின்யோனிக்கும் மாலையில்தான் போகவேண்டும். ஊர்ச் சதுக்கம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெரிய குளம். அடியிலிருந்து குமிழியிட்டு வருவது சுமார் 50 டிகிரி வெந்நீர். சியன்னாவின் புனித கத்தரீனாவும், மூட்டுவலிக்காரரான லொரென்சோ தெ மெடிச்சியும் வந்துபோன ஊற்று. தார்க்கோவ்ஸ்கியின் 1983-ஆம் ஆண்டு படம் நோஸ்டால்ஜியாவில், கையில் மெழுகுவர்த்தி அணையாமல் நாயகன் கடக்கும் குளம் இதுதான். இப்போது இதில் குளிக்க அனுமதி இல்லை. ஆனால் குளத்துநீர் வாய்க்காலாக ஊருக்கு வெளியே வந்து, பழைய மாவு ஆலைகளின் இடிபாடுகளைத் தாண்டி மலைச்சரிவில் விழுகிறது. வாய்க்கால் விளிம்பில் உட்கார்ந்து கால் நனைக்கலாம், காசு கிடையாது. நடந்து களைத்த கால்களுக்கு அந்த இளஞ்சூடு எத்தனை சுகம்! முழுதாக முங்கிக் குளிக்க ஆசையென்றால், சற்றுத் தெற்கே காட்டுக்குள் பான்யி சான் ஃபிலிப்போ இருக்கிறது. சுண்ணாம்பு படிந்து படிந்து பெரிய வெள்ளைத் திமிங்கலம்போல் நிற்கும் பாறையும் அதன் கீழ் சின்னச் சின்ன வெந்நீர்க் குட்டைகளும்.

இங்கெல்லாம் கார் இல்லாமல் முடியாது. பேருந்துகள் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. ஃப்ளோரன்ஸிலிருந்தோ ரோமிலிருந்தோ ரயிலில் கியூசி வரை வந்து வாடகைக் கார் எடுக்கலாம். நம் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதிச் சீட்டும் கட்டாயம் வேண்டும். பழைய ஊர் மதிலுக்குள் நுழையும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்ட வெள்ளைப் பலகை தெரிந்தால் வண்டியை உள்ளே விடாதீர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமான பகுதி அது. கேமரா படம் பிடிக்கும், மாதங்கள் கழித்து அபராதம் வீடு தேடி வரும். மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள். இன்னொன்று: படம் எடுப்பதற்காகக் கோதுமை வயலுக்குள் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. ஒரு குடும்பத்தின் சாப்பாடு அது. சாலையில் நின்று எடுத்தாலே படம் நன்றாகத்தான் வருகிறது.

ரோமுக்குத் திரும்பும் வழியில் ஒர்வியெத்தோவில் ஒரு பகல் நில்லுங்கள். பேராலயத்தின் முகப்பை எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்வது கிணறு. 1527-ல் ரோம் சூறையாடப்பட்டபோது இங்கே ஓடிவந்த போப் ஏழாம் கிளெமென்ட், முற்றுகை வந்தால் தண்ணீர் வேண்டுமே என்று வெட்டச்சொன்னது. ஐம்பது மீட்டருக்கும் மேல் ஆழம். ஒன்றையொன்று தொடாமல் பின்னிச் சுழலும் இரண்டு படிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள்; ஒன்றில் கழுதை இறங்கும், மற்றதில் தண்ணீரோடு ஏறும், முட்டிக்கொள்ளாது. இறங்கும்போது நடுச்சுவரின் ஜன்னல் வழியே எதிர்ப்படியில் ஏறுகிறவர்களின் முகம் வந்து வந்து மறையும். அடியில் ஒரு சின்னப் பாலம் இரண்டையும் சேர்க்கிறது.

வடக்கே போகிறவர்கள் வெரோனாவில் ஜூலியட் வீட்டு மாடத்தைப் பார்க்கக் கூட்டத்தில் நசுங்குகிறார்கள். அந்த மாடத்தைப் பொருத்தியதே இருபதாம் நூற்றாண்டில்தான். வெரோனாவுக்குப் போனால் கோடையில் போய், ரோமானியர் கட்டிய அரங்கின் கல்படியில் உட்கார்ந்து ஒப்பெரா கேளுங்கள். 1913 முதல் அங்கே நடக்கிறது. மறுநாள் ரயிலில் பெஸ்கியேரா போய், வாடகைச் சைக்கிளில் மிஞ்சோ ஆற்றங்கரையோரம் சுமார் 15 கிலோமீட்டர் மிதித்தால் போர்கெத்தோ. ஆற்றின்மேலேயே நிற்கும் நீராலைகளும் கைப்பிடியளவு வீடுகளும், பின்னணியில் 1393-ல் விஸ்கோந்தி பிரபு கட்டிய கோட்டைப் பாலமும். மேட்டிலிருக்கும் வலெஜ்ஜோ ஊரின் டொர்டெல்லினிக்குக் ‘காதல் முடிச்சு’ என்றே பெயர். பிரபுவின் படைத்தலைவன் மால்கோவும் ஆற்றில் வாழும் தேவதை சில்வியாவும் காதலித்துத் தண்ணீருக்குள் மறைந்தார்களாம்; கரையில் கிடந்தது முடிச்சுப் போட்ட மஞ்சள் பட்டுக் கைக்குட்டை மட்டும். அந்தக் கைக்குட்டைபோல மாவை மெல்லியதாகத் தேய்த்து முடிகிறார்கள். உள்ளே இறைச்சிப் பூரணம். சைவர்களுக்கு மாந்துவாப் பக்கத்துப் பரங்கிக்காய் டொர்டெல்லி உண்டு, லேசான இனிப்போடு. ஜூன் மாதத்தில் ஓர் இரவு அந்தப் பாலத்தின்மேல் நீண்ட மேசை போட்டு ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து சாப்பிடுகிறார்கள்.

அங்கிருந்து காரில் சுமார் அரைமணி நேரத்தில் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. தேம்பாவணி பாடிய நம் வீரமாமுனிவர் 1680-ல் பிறந்த ஊர். தெருக்களில் நடந்தபோது எனக்கு நினைவு வந்தது அவருடைய திருக்குறள் மொழிபெயர்ப்பு. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனுக்குக் கொண்டுபோனவர், காமத்துப்பாலை விட்டுவிட்டார். துறவியின் சங்கடம் புரிகிறது, ஆனாலும் ஏக்கமாக இருந்தது. இத்தனை காதல் கதைகள் புழங்கும் ஆற்றங்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர், நம் காதலை அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம். மதுரைக்கு வந்த இன்னொரு துறவி ராபர்ட் டி நொபிலியின் குடும்பமும் மேலே சொன்ன மோந்தேபுல்ச்சானோவைச் சேர்ந்ததுதான்.

கடல் வேண்டும் என்பவர்களுக்குச் சிங்க்வே தெர்ரே. ரியோமஜ்ஜோரேக்கும் மனரோலாவுக்கும் நடுவே பாறையைக் குடைந்த ‘காதல் பாதை’ 2012-ல் கல் சரிந்து மூடப்பட்டு, 2024-ல் கட்டணத்தோடு திறந்திருக்கிறது. அழகுதான், கூட்டமும் அதிகம். ஏரி வேண்டும் என்றால் கோமோவில் பெல்லாஜோவைவிட எனக்கு வரென்னா பிடிக்கும். மிலானிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ரயில், நிலையத்திலிருந்து நடந்தே இறங்கலாம், தண்ணீரை ஒட்டிப் பாறையில் தொங்கும் நடைபாதை.

வால் டோர்ச்சாவுக்கு எந்த மாதம் என்று முடிவு செய்யும்போது கோதுமையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை பச்சை, இடையிடையே கசகசாப் பூவின் சிவப்பு. ஜூனில் பொன்னிறம், அறுவடை. ஆகஸ்டில் வெயில் கடுமை, நிலம் வறண்டு பழுப்பாகிவிடும். புதுமணத் தம்பதிகளுக்கு அந்த மாதத்தை நான் சொல்லமாட்டேன். அக்டோபரில் திராட்சை பறித்து முடிந்து, ஆலிவ் பறிப்பு தொடங்கும். நவம்பரில் குளிரும் மூடுபனியும், சான் ஜோவான்னி தாஸ்ஸோவில் வெள்ளை ட்ரஃபிள் காளான் சந்தையும், பான்யோ வின்யோனி குளத்தின்மேல் ஆவியும். மே மாதம்தான் என்று தீர்மானித்தால் ஜனவரியிலேயே பண்ணைவீட்டுக்காரர்களுக்கு எழுதிவிடுங்கள். பல வீடுகளில் நாலைந்து அறைகள்தான் இருக்கும்; அறையின் ஜன்னல் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கிறதா, இரவுச் சாப்பாடு வீட்டிலேயே உண்டா என்ற இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.